ஆறாயி அக்காவுக்கு ஓர் அறிவித்தல்

"செலீன், நீ உள்ளுக்குப் போ," என்றார் அப்பா.

"ஏன் அப்பா?"

"போ எண்டால் போ பிள்ளை."

செலீன் போகவில்லை. வாசலிலேயே நின்றாள். அப்பா பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். காலையில் போகும்போது சுடுதண்ணிப் போத்தலில் கஞ்சி கொண்டுபோனவர், போத்தலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருந்தார். உள்ளே கஞ்சி குலுங்கியது.

அம்மா போத்தலைக் கையில் வாங்கினாள். அதன் பாரத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"எப்ப?"

"விடியக்காலமை அஞ்சு மணிக்காம். காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கிட்டுது எண்டு நேர்ஸ் சொன்னா. நான் போகேக்க கட்டிலில வேற ஆள் படுத்திருந்தது."

"ஆறாயி அக்காவோ அப்பா?" என்று கேட்டாள் செலீன்.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

ஆறாயி அக்கா அவர்களுடைய சொந்தக்காரி அல்ல. கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருந்த ஒழுங்கையின் கடைசி அறையில் தனியாக இருந்தவள். ஐம்பது வயது இருக்கும். புறக்கோட்டையில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் கொத்தமல்லி புடைக்கும் வேலை. பின்னேரம் ஆறு மணிக்கு ஒழுங்கைக்குள் மல்லி வாசம் வந்தால், அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அட்டன் பக்கம் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே சின்னராசா என்று ஒரு தம்பி. வேறு யாரும் இல்லை. ஆறாயி அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. தம்பிக்கும் எழுதத் தெரியாது. அவன் சொல்ல, தோட்டத்து வாத்தியார் எழுதுவார். இங்கே செலீன் வாசிப்பாள். இரண்டு வருடமாக அது செலீனின் வேலை.

"சின்னராசாவுக்கு எப்பிடியாவது அறிவிக்கவேணும்," என்றாள் அம்மா. "அவர் வராமல் எப்பிடி அடக்கம் செய்யிறது? வாய்க்கரிசி போடவேணும். முதல் பிடி மண் போடவேணும். அவையின்ர முறை எங்களுக்கு என்ன தெரியும்?"

"தந்தி அடிப்பமெண்டால் விலாசம் வேணுமே, புளோறன்ஸ்."

"பழைய விலாசம் இருக்கு தானே?"

"அங்க இப்ப ஆள் இல்லை," என்றாள் செலீன். "வேற தோட்டத்துக்கு வேலைக்குப் போயிட்டினம். விலாசம் பிறகு எழுதுறன் எண்டு போன கடிதத்தில இருந்தது. அதுவும் தபாலில வரேல்லை. மரக்கறி லொறிக்காரர் ஒருவர் கொண்டுவந்து குடுத்தவர்."

"பழைய விலாசத்துக்கு அடிச்சால் தந்தி தோட்டத்து ஒபீசில கிடக்கும்," என்றார் அப்பா.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் பேப்பர் எனக்கும் வந்துவிட்டது, போவதற்கு முன் உன்னை ஒருதரம் வந்து பார்ப்பேன் அக்கா, என்று தம்பி சொல்லி எழுதுவித்திருந்தான். அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள் ஆறாயி அக்கா.

"திங்கட்கிழமைக்கு மேல ஆஸ்பத்திரியில வைச்சிருக்க மாட்டினமாம்," என்றார் அப்பா. "இண்டைக்குச் சனி. ரேடியோதான் ஒரே வழி. நாலு மணிக்கு முன்னம் குடுத்தால் பின்னேரம் வாசிப்பினம். றொபேட்டைக் கூப்பிடு."

றொபேட் அங்கிள் துறைமுகக் கந்தோரில் கிளார்க். ஒழுங்கையில் யாருக்கு மனு, விண்ணப்பம், மரண அறிவித்தல் எது தேவைப்பட்டாலும் அவர்தான் எழுதுவார். பேனாவைத் திறந்தால் நிறுத்தமாட்டார். அவர் வந்து, கண்ணாடியைத் துடைத்து, பத்து நிமிடத்தில் எழுதிவிட்டு வாசித்தார்.

"கொழும்பு கொட்டாஞ்சேனையை வதிவிடமாகக் கொண்டவரும், அன்பும் பண்பும் அடக்கமும் ஒருங்கே அமையப்பெற்றவரும், ஏழைகளின் கண்ணீர் துடைத்த உத்தமியுமாகிய செல்வி ஆறாயி அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்..."

"றொபேட், அவ கோயிலுக்குப் போறவ," என்றாள் அம்மா.

"ஓ." அங்கிள் அந்த இடத்தை வெட்டினார். "இறைபதம் எய்தினார்."

"போன வருசம் பேக்கரிக்கார முதலாளிக்கும் இதைத்தானே எழுதினனீர்?" என்றார் அப்பா. "ஏழைகளின் கண்ணீர் துடைத்த எண்டு."

"நல்ல வசனம் பீற்றர். ஏன் வீணாக்கிறது?"

எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சாகவேண்டியிருக்கிறது என்று அப்பா முணுமுணுத்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது. அவள் எழுந்து குசினிக்குப் போய் மரவள்ளிக் கிழங்கை உரிக்கத் தொடங்கினாள்.

செலீன் அந்தக் கடதாசியை எடுத்து வாசித்தாள். எங்கோ ஏதோ குறைகிறது என்று தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் அந்தக் கிழமை றஞ்சிதம் ரீச்சர் புதுப் பாடம் ஒன்று கொடுத்திருந்தார். ஒரு கட்டுரையை வாசித்து, ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில் அந்தப் பந்தி என்ன வேலை செய்கிறது என்று ஒரு சொல் எழுதவேண்டும். யானையைப் பற்றிய கட்டுரை. செலீன் நான்கு பந்திக்கும் 'யானை' என்று எழுதிக்கொண்டுபோனாள்.

"நாலும் யானையெண்டால் ஏன் பிள்ளை நாலு பந்தி?" என்று ரீச்சர் கேட்டார். "ஒரு யானை போதுமே."

வகுப்பு முழுவதும் சிரித்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் ஒரு பந்தி யானை எங்கே இருக்கிறது என்றும், ஒன்று என்ன தின்கிறது என்றும், ஒன்று அது ஏன் குறைந்துபோகிறது என்றும் சொல்வது தெரிந்தது.

மத்தியானம் ரேடியோவில் மரண அறிவித்தல் தொடங்கியது. செலீன் பென்சிலை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்த ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாழ்ப்பாணம் கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட..."

ஊர், என்று எழுதினாள். அதன் கீழ் 'இருந்த இடம்'. பிறகு 'பேர்'. பிறகு, இன்னாரின் மகளும் இன்னாரின் மனைவியும் என்று வந்தது. அதற்கு, யாருடைய ஆள் என்ற கருத்தில், 'ஆற்றை ஆள்' என்று எழுதினாள். பிறகு 'எப்ப, எங்க'. கடைசியில் 'சொல்லுறது ஆர்'. ஆறு சொல்.

அடுத்த அறிவித்தலும் அதே ஆறு. அதே வரிசை. செலீன் ஆச்சரியத்துடன் அம்மாவைப் பார்க்கத் திரும்பினாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள்.

ரேடியோ யாழ்ப்பாணம் என்றபோதும் மட்டக்களப்பு என்றபோதும் அம்மாவின் கத்தி நிற்கவில்லை. மூன்றாவது அறிவித்தல் வந்தது.

"மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகவும்..."

கத்தி நின்றது.

"அம்மா..."

"உஸ். கதையாதை." அம்மா மன்னார்க்காரி. பேர் வரும்வரை மூச்சுக் காட்டாமல் இருந்தாள். பேர் வந்தது. தகப்பன் பேரும் வந்தது. "எங்கட ஆக்கள் இல்லை," என்று பெருமூச்சு விட்டாள். கத்தி மறுபடி கிழங்கைச் சீவியது.

செலீன் எழுந்து முன்னறைக்கு ஓடினாள்.

"அங்கிள், இதைக் குடுக்கவேண்டாம். இதை ஒருத்தரும் கேட்கமாட்டினம்."

"என்ன?" றொபேட் அங்கிள் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஊரைக் கேட்டாப்பிறகுதான் ஆக்கள் காது குடுக்கினம். அதுதான் அதை முதல்ல வைச்சிருக்கு. பிறகு பேர். அந்தப் பேரில கனபேர் இருப்பினம் எண்டு, ஆற்றை மகள் எண்டும் சொல்லினம். உங்கட இதில ஊர் இல்லை. அப்பா, அம்மா பேர் இல்லை. கொட்டாஞ்சேனை எண்டு தொடங்கினால் மலைநாட்டில ஆர் கேட்கப்போகினம்?" அவள் தன் ஆறு சொற்களைக் காட்டினாள். "அன்பும் பண்பும் இந்த ஆறில ஒண்டுக்குள்ளயும் வராது, அங்கிள்."

அங்கிள் கடதாசியைக் கொஞ்சநேரம் பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று செலீன் நினைத்தாள்.

"சரி, அவவின்ர ஊர் என்ன? தகப்பன் ஆர்?" என்றார் அவர்.

ஊர் பழைய விலாசத்தில் இருக்கும். தகப்பன் பேர் ஒருவருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் பக்கத்தில் இருந்தவள். ஒருநாளும் யாரும் கேட்கவில்லை. அம்மா குசினி வாசலில் வந்து நின்று நிலத்தைப் பார்த்தாள்.

"கடிதங்கள் இருக்கு. வீட்டு ஆக்களின்ர பேர் எங்கையோ வாசிச்ச ஞாபகம்," என்றாள் செலீன்.

ஆறாயி அக்காவின் அறைப் பூட்டின் திறப்பு அம்மாவிடம் இருந்தது. பாய் சுருட்டியபடி சுவரில் சாய்ந்திருந்தது. தகரப் பெட்டிக்குள் இரண்டு சேலைக்குக் கீழே கடிதங்கள் இருந்தன. மொத்தம் பதினொன்று. பெட்டி முழுவதும் மல்லி வாசம். செலீன் ஒரு நிமிடம் அதன் மூடியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டுக் கடிதங்களை நிலத்தில் பரப்பினாள்.

"எல்லாத்தையும் வாசிச்சு முடிய ரெண்டு மணியாகும்," என்றார் அப்பா.

"எல்லாத்தையும் வாசிக்கத் தேவையில்லை. வாத்தியார் ஒரே வரிசையிலதான் எழுதுவார். முதல்ல நலம். பிறகு மழையும் வேலையும். மூண்டாவது பந்தியிலதான் வீட்டு ஆக்களின்ர கதை. அதை மட்டும் பார்ப்பம்."

அப்பா ஒரு கடிதத்தை எடுத்தார். அம்மா ஒன்று. அங்கிள் ஒன்று. நான்கு பேரும் மூன்றாவது பந்தியை மட்டும் வாசித்தார்கள். ஆடு குட்டி போட்டது, யாரோ கால் முறிந்து படுத்தது, திருவிழாவுக்குக் காவடி எடுத்தது என்று வந்துகொண்டிருந்தது.

ஆறாவது கடிதத்தில் அம்மாவின் விரல் நின்றது. அவள் மெதுவாக வாசித்தாள். "'மகனுக்கு நம்ம அப்பா பேரையே வைத்திருக்கிறோம். பெரியதம்பி என்று கூப்பிட்டால் சிரிக்கிறான்.'"

ஒன்பதாவதில் செலீன் கண்டாள். சின்னராசாவின் பெண்குழந்தைக்கு அவனுடைய அம்மாவின் பேர். சீனியம்மா.

"தகப்பன் பெரியதம்பி. தாய் சீனியம்மா," என்று எழுதினார் அங்கிள். அவருடைய குரல் மாறியிருந்தது. "ஊர் இந்தா, என்வலப்பில இங்கிலீசில இருக்கு. ஹேஸல்புறூக் குறூப், அட்டன்."

"அது வேண்டாம் அங்கிள். கடிதத்துக்குள்ள எல்லா இடத்திலயும் கொய்யாக்காட்டுத் தோட்டம் எண்டுதான் இருக்கு."

"அது சும்மா ஆக்கள் கூப்பிடுற பேர் பிள்ளை. கவுன்மேந்துப் பதிவில கொய்யாக்காடு எண்டு ஒண்டு இல்லை. ரேடியோ நிலையத்தில சிரிப்பினம்."

"எங்கட ஒழுங்கைக்கு என்ன பேர் அங்கிள்?"

"பைப்படி ஒழுங்கை."

"முன்னுக்குப் பேர்ப்பலகையில என்ன இருக்கு?"

அங்கிள் அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். இருபது வருடமாக அந்தப் பலகைக்குக் கீழால் போய்வருகிற இருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

"கொய்யாக்காட்டுத் தோட்டம்," என்று அங்கிள் எழுதினார்.

"இன்னும் ஒண்டு சேர்க்கவேணும். இதைக் கேட்கிற ஆக்கள் சின்னராசாவுக்குச் சொல்லவும் எண்டு."

"மரண அறிவித்தலில அப்பிடி ஒரு இடம் இல்லையே. நீதான் ஆறு எண்டு சொன்னனீ."

செலீன் பென்சிலை எடுத்துத் தன் ஆறு சொற்களுக்குக் கீழே ஏழாவதாக ஒன்று எழுதினாள். 'கேட்கிற ஆக்கள் செய்யவேண்டியது'.

"இப்ப இருக்கு," என்றாள்.

அங்கிள் அதையும் சேர்த்து எல்லாவற்றையும் துப்பரவாகத் திருப்பி எழுதினார். அப்பா அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வானொலி நிலையத்தில் கொடுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லையாம்.

பின்னேரம் ரேடியோவில் அது வந்தது. ஒழுங்கை முழுவதும் அவர்களுடைய வாசலில் நின்று கேட்டது. அறிவிப்பாளர் ஆறாயி அக்காவின் பேரை நிறுத்தி, ஒழுங்காகச் சொன்னார். அரை நிமிடம்தான். அதற்குள் முடிந்துவிட்டது.

ஞாயிறு காலையிலும் ஒருதரம் வந்தது. ஆனால் சின்னராசா வரவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு செலீன் ஒழுங்கை முடக்கில் போய் நின்றாள். பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரையும் பார்த்தாள். சின்னராசா எப்படி இருப்பான் என்று அவளுக்குத் தெரியாது. அவனுடைய வீட்டு ஆடு எத்தனை குட்டி போட்டது என்பது வரை தெரியும். முகம் மட்டும் தெரியாது.

"வா பிள்ளை, சாப்பிடு," என்று அம்மா வந்து கூப்பிட்டாள்.

"கேட்டிருக்கமாட்டினமோ அம்மா?"

"தெரியாது."

"நான் ஏதும் பிழையாய் எழுதிப்போட்டனோ?"

"நீ எழுதினது சரி." அம்மா அவளுடைய தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். "சரியாய் எழுதினாலும் சிலவேளை போய்ச் சேராது."

திங்கட்கிழமை செலீன் பள்ளிக்கூடம் போகவில்லை. மூன்றரை மணிக்கு மாதம்பிட்டி மயானத்தில் குழியோரம் பெட்டியை இறக்கி வைத்தார்கள். ஆறாயி அக்காவுக்கு அம்மா தன்னுடைய மஞ்சள் சேலையை உடுத்திவிட்டிருந்தாள். முகம் சின்னதாகிப் போயிருந்தது. கிட்டங்கியில் வேலை செய்யும் நான்கு பெண்கள் வந்திருந்தார்கள். அம்மா கைலேஞ்சிக்குள் ஒரு பிடி அரிசி முடிந்து கொண்டுவந்திருந்தாள். அதை யார் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாலு மணியானது. குழி வெட்டினவர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு நேரத்தைக் கேட்டார்.

"தவ பொட்டக், அய்யே," என்றார் அப்பா சிங்களத்தில். இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டாம்.

நாலேகால். குழி வெட்டினவர் வானத்தைப் பார்த்தார். மழை கட்டிக்கொண்டு வந்தது.

"இனி என்ன பீற்றர்," என்றார் றொபேட் அங்கிள் மெல்ல.

அப்பா குனிந்து, பெட்டியை மூட, பக்கத்தில் கிடந்த மூடியைத் தூக்கினார். அப்போது வாசல் பக்கம் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. மெலிந்த ஒரு மனிதர். தோளில் துண்டு. காலில் செருப்பு இல்லை. முழங்கால் வரை சிவந்த சேறு காய்ந்திருந்தது. அவர் யாரையும் கேட்கவில்லை. நேராகப் பெட்டிக்கு வந்தார்.

"அக்கா," என்றார்.

அம்மா கைலேஞ்சியை அவிழ்த்து நீட்டினாள். அவர் வாய்க்கரிசி போட்டார். முதல் பிடி மண்ணும் அவர்தான் போட்டார். மழை தொடங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

பிறகு எல்லாரும் பஸ் நிற்கும் இடத்துக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றார்கள்.

"வீட்டை வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாமே தம்பி," என்றாள் அம்மா.

"இல்லீங்கம்மா. நாளைக்குக் காலையில கண்டிக்கு வரச் சொல்லியிருக்காங்க, இந்தியா பேப்பருக்கு. இப்ப மருதானைக்குப் போனாத்தான் ரயிலப் புடிக்கலாம். அடுத்த மாசம் போயிருவோம்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இன்னும் ஒரு மாசம் கழிச்சிச் செத்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க."

"ரேடியோவில கேட்டனீங்களோ?" என்றாள் செலீன்.

"எங்ககிட்ட ரேடியோ ஏதும்மா? நாலு தோட்டம் தள்ளிப் போயிட்டோம்ல. நேத்து மத்தியானம் கொய்யாக்காட்டுல இருந்து ஆளு வந்திச்சு. பெரியதம்பி மகளாம்டா, திங்கக்கிழமை மாதம்பிட்டியில அடக்கமாம், உன்னைத்தான் தேடுறாங்க, ஓடுன்னாங்க. அவங்க பேசி முடிக்கல, இன்னும் ரெண்டு பேரு வந்தாங்க. பொழுது சாயறதுக்குள்ள ஏழு பேரு வந்து சொல்லிட்டாங்க. ராத்திரி வண்டிக்கு வரலாம்னா, மழையில மண்ணு சரிஞ்சி ரோட்டுல பஸ் இல்ல. விடிய விடிய நடந்துதான் டேசனுக்கு வந்தேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எல்லாரும் கேட்டிருக்காங்க. நான் மட்டும் கேக்கல," என்றார்.

செலீனிடம் அந்தக் கடதாசியின் பிரதி இருந்தது. நான்காக மடித்து வைத்திருந்தாள். விரித்து, ரேடியோவில் வாசித்த அதே நிதானத்தில் வாசித்தாள்.

"அட்டன் கொய்யாக்காட்டுத் தோட்டத்தைப் பிறப்பிடமாகவும், கொழும்பு கொட்டாஞ்சேனையை வதிவிடமாகவும் கொண்ட ஆறாயி அவர்கள் சனிக்கிழமை காலமானார். அன்னார் காலஞ்சென்ற பெரியதம்பி, சீனியம்மா தம்பதிகளின் அன்பு மகளும்..."

"எங்கப்பா பேரச் சொன்னாங்களா? எங்கம்மா பேரையும்?"

"ஓம்."

"ரேடியோவுலயா?"

"ஓம். ரெண்டு தரம்."

"நாடு முழுக்கக் கேட்டிருக்குமாம்மா?"

"ஓம், நாடு முழுக்க."

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. றொபேட் அங்கிள் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். செலீன் அவர் அழுது முடிக்கும்வரை பொறுத்துவிட்டு மிச்சத்தையும் வாசித்து முடித்தாள்.

"இதில எம் பேரு எங்கிட்டு இருக்குங்க?" என்று கேட்டார் சின்னராசா.

செலீன் கடதாசியை அவருடைய கையில் கொடுத்து இடத்தைக் காட்டினாள். "இது உங்கட பேர். இது 'அன்புச் சகோதரி'. இது ஆறாயி அக்கா."

அவர் அந்த வரியின்மேல் விரலை வைத்தார். மருதானை பஸ் வரும்வரை எடுக்கவில்லை.